பசுவுக்குப் பணி நிரந்தரம் கோரும் விண்ணப்பம்

பெறுநர்: தீவனத் தரம் பார்க்கும் மாண்புமிகு அதிகாரி அவர்கள்.

பொருள்: ஊதியமின்றி ஆய்வகப் பணி செய்துவரும் கறவைமாட்டைப் பணி நிரந்தரம் செய்ய வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: அடியில் கட்டிதட்டிய கடலைப் புண்ணாக்கு மூட்டை ஒன்று.

ஐயா,

மேற்படி மூட்டை வெளிப்பார்வைக்குத் தங்கள் அலுவலக முகப்பைப் போலவே பளிச்சென்று இருந்தது. சோதித்தது நீங்களல்ல, என் மாடு. முதலில் தொட்டியில் பாதியை மிச்சம் வைத்தது. அது முதற்கட்ட அறிக்கை. பிறகு படுத்தால் அசைபோடுவது குறைந்தது. அடுத்து கழிச்சல். முழு அறிக்கை தொழுவத் தரையெங்கும் கிடந்தது. கறவையும் இறங்கிய பிறகு மூட்டையைக் கவிழ்த்தால், அடியில் கல் மாதிரி ஒரு கட்டி. உடைத்தால் உள்ளே மஞ்சளும் பச்சையுமாகப் பொடி. கடைக்காரர் முகர்ந்து பார்த்துவிட்டு, "மழைக்காலம்ண்ணே, காயவெச்சுப் போடுங்க" என்றார். பூசணம் காய்ந்து உதிர்ந்துவிடும். அது விட்டுப்போன நச்சு அப்படி உதிராது.

என் மாட்டின் தகுதி பற்றிச் சிறிது. மாட்டின் முதல் வயிற்றில் கோடானுகோடி நுண்ணுயிர்கள் இராப்பகலாக வேலை பார்க்கின்றன. ஒக்ராடாக்சின் போன்ற சில பூசண நச்சுகளை அவையே உடைத்துவிடும். பன்றி, கோழியைவிட மாடு தாக்குப்பிடிப்பதற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் கடலைப் புண்ணாக்கில் பூசணம் விட்டுப்போகும் அஃப்ளாடாக்சின் ஆளும்கட்சி வண்டி மாதிரி. பெரும்பகுதி அந்தச் சோதனைச்சாவடியில் நிற்காமலே தாண்டி, குடலில் ஏறி, ஈரலுக்குப் போய்விடும். மக்காச்சோளத்தில் வரும் ஃபுசேரியம் பூசணத்தின் நச்சுகளோ குடலின் உட்சுவரையே அரிக்கும். பன்றியாக இருந்தால் வாந்தியெடுத்துத் தன் ஆட்சேபத்தைப் பதிவு செய்யும். என் மாட்டுக்கு அந்த வசதியும் இல்லை. எல்லாவற்றையும் உள்ளே போட்டுக்கொள்ளும் குடிமகள் அவள்.

ஈரலுக்குப் போன அஃப்ளாடாக்சின் பி1-ல் ஒரு பங்கு அஃப்ளாடாக்சின் எம்1 என்று பெயர் மாறி, 24 மணி நேரத்துக்குள் பாலில் வந்துவிடுகிறது. உங்கள் அலுவலகத்தில் ஒரு கோப்பு மேசை மாறக்கூட இந்த நேரம் போதாது. பாலைக் காய்ச்சினாலும் அது போகாது.

2018-ல் நாடு முழுக்க 6,432 பால் மாதிரிகளை எடுத்துச் சோதித்த தேசிய ஆய்வு தங்களுக்கு நினைவிருக்கலாம். 368 மாதிரிகளில் எம்1 வரம்பை மீறியிருந்தது. தமிழ்நாட்டில் எடுத்த 551-ல் 88. எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடம். இந்த முதலிடத்துக்கு மட்டும் ஏனோ யாரும் ஃபிளெக்ஸ் வைக்கவில்லை. தீவனம் வழியாகத்தான் இது பாலுக்கு வருகிறது என்று ஆய்வை நடத்தியவர்களே சொன்னார்கள். பால் சொசைட்டியிலோ கொழுப்பையும் எஸ்.என்.எஃப் என்ற கொழுப்பல்லாத திடப்பொருளையும்தான் பார்க்கிறார்கள். கொழுப்புக் குறைந்தால் என் காசு குறைகிறது. தீவனத்தில் நச்சு கூடினால் மூட்டை விலை குறைவதில்லை.

அஃப்ளாடாக்சினை உலகம் கண்டுகொண்டதே இப்படி உயிர்களைச் சோதனைக்கூடமாக்கித்தான். 1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சம் வான்கோழிகள் செத்த பிறகுதான், பிரேசிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்கின் பக்கம் பார்வை திரும்பியது. அந்த வான்கோழிகளுக்கும் பென்ஷன் கிடையாது என்பதை அறிவேன். அதற்காக இன்றும் அதே முறையில் ஆய்வகம் நடத்துவது சிக்கனத்தின் உச்சம்.

ஆகவே, என் மாட்டை ஆய்வக உதவியாளராக நியமித்து, பஞ்சப்படி, மருத்துவப்படி, கன்று பிறந்தால் மகப்பேறு விடுப்பு ஆகியவற்றை முன்தேதியிட்டு வழங்க வேண்டுகிறேன். கழிச்சல் நாள்களை மிகைநேரப் பணியாகக் கணக்கிடலாம்.

நிதித்துறை ஒப்பாது என்றால் மலிவான வழி ஒன்று உண்டு. மூட்டை கட்டுமுன்பே, கிட்டங்கியிலேயே தீவனத்தைச் சோதியுங்கள். ஈரம் ஏறிய சரக்கை அங்கேயே நிறுத்துங்கள். கலப்புத் தீவனத்தில் அஃப்ளாடாக்சின் பி1 கிலோவுக்கு 20 மைக்ரோகிராமைத் தாண்டக்கூடாது என்று தரநிர்ணயத்தில் எழுதியாயிற்று. புண்ணாக்கோ கலப்புத் தீவனமோ, இந்த மூட்டையில் எவ்வளவு இருந்தது, எந்தத் தேதியில் பார்த்தது என்று ஒரு சீட்டை அதன் வாயில் சேர்த்துத் தைக்கச் சொல்லுங்கள். அந்தச் சீட்டு வந்த அன்றே இந்த விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மாட்டுக்காரன்