வாயு லேசு, வேலை லேசில்லை

கேள்வி: தோட்டத்துப் பிள்ளை நான். இரசாயனவியலில் பட்டம் பெற்றுவிட்டேன். ஐதரசன் சேமிப்பில் கலாநிதிப் பட்ட ஆய்வு செய்ய வழியுண்டா?
– ஒரு வாசகி, வெலிமடை

பதில்: தாராளமாக உண்டு, தங்கச்சி! பிரபஞ்சமெங்கும் மலிந்து கிடக்கும் ஐதரசனைப் பிடித்து வைப்பதுதான் பெரும்பாடு. சாதாரண அமுக்கத்தில் ஒரு கிலோவுக்கே 11 கன மீற்றருக்கு மேல் இடம் கேட்கும். கார்த் தாங்கிக்குள் அடைக்க 700 பார் அமுக்கம் வேண்டும். திரவமாக்கவோ மறை 253 பாகைக் குளிர். நுவரெலியாப் பனியெல்லாம் அதற்கு முன்னால் வெயில்! லந்தனம்-நிக்கல் கலப்புலோகம் அதை உறிஞ்சி வைத்துச் சூடாக்கினால் திருப்பித் தரும், ஆனால் பாரம் அதிகம். பாரம் குறைந்த பொருளைத் தேடுவதே உங்கள் ஆய்வாகலாம். சென்னை ஐஐடியில் இத்துறையில் ஆய்வு நடக்கிறது. இந்தியாவின் ஐசிசிஆர் புலமைப்பரிசிலுக்கு நம்மவரும் விண்ணப்பிக்கலாம். நோர்வேயில் ஆய்வு மாணவருக்குப் பெரும்பாலும் சம்பளமே உண்டு. பேராசிரியர் ஒருவரின் கட்டுரைகளைப் படித்துவிட்டு, அவருக்கு இந்த வாரமே எழுதுங்கள்.