பால் சுறாவும் பங்காளியும்

கேள்வி: காரைக்கால் மார்க்கெட்டில் பால் சுறா வாங்கினேன். பக்கத்துக் கூடையிலும் அச்சு அசலாக அதே மாதிரி ஒன்று. இரண்டும் ஒன்றுதானா?
– வாசகி, திருமலைராயன்பட்டினம்

பதில்: காரைக்கால் அம்மையாரின் கணவர் பரமதத்தன் இரண்டாவது மாங்கனியைக் கடித்ததுமே வித்தியாசம் கண்டுபிடித்த ஊர்க்காரர் நீங்கள், என்னைக் கேட்கிறீர்களே! நல்லவேளை, சுறாவைக் கடித்துப் பார்க்க வேண்டியதில்லை. வாயோரத்தைப் பாருங்கள். பால் சுறாவுக்கு மேலுதட்டோரம் நீளமான பள்ளக்கோடு ஓடும். பங்காளியான சாம்பல் கூர்மூக்குச் சுறாவுக்கு அது ரொம்பக் குட்டை. அங்கேயே, ஊசியால் குத்தியதுபோல் வரிசையாகத் துளைகள் இருக்கும். ஒரு பக்கத்தில் எட்டுக்கு மேல் எண்ணினால் பெரும்பாலும் பால் சுறா, குறைந்தால் பங்காளி. மீன்கார அம்மா முறைப்பதற்குள் எண்ணி முடிப்பது உங்கள் சாமர்த்தியம்.

பால் சுறாவுக்கு 1837-லேயே ரூப்பெல் அறிவியல் பெயர் வைத்துவிட்டார். பங்காளிக்கு 1964-இல் ஸ்பிரிங்கர் வந்துதான் தனிப் பெயர் வைத்தார். பாகப்பிரிவினை என்றாலே இழுபறிதானே! 2022-இல் பனாமாவில் கூடிய, அருகிவரும் உயிரினங்களின் வணிகம் பற்றிய சைட்ஸ் மாநாடோ இந்தச் சுறாக் குடும்பம் மொத்தத்தையும் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்துவிட்டது. அங்கே பங்காளி பேதம் இல்லை.

பிள்ளை பெற்றவளுக்குச் சுறாப் புட்டு செய்யத்தான் என்றால் இரண்டில் எதுவும் சரி. பூண்டில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம்.