சொம்பும் ஆலமரமும்

தமிழ்ச் சினிமாவை மாத்திரம் பிரமாணமாகக் கொண்டு கொங்கு தேசத்தை அறிய முற்படும் ஓர் அன்னியர், அங்கே ஜனங்கள் பிறப்பெடுப்பதே பஞ்சாயத்தில் தீர்ப்புச் சொல்லவோ, சொன்ன தீர்ப்பைக் கைகட்டிக் கேட்கவோதான் என்று முடிவு கட்டுவாராயின், அவரைக் குற்றஞ்சொல்ல நியாயமில்லை. 1992-இல் ‘சின்ன கவுண்டர்’, மறுவருஷம் ‘எஜமான்’, அதற்கு மறுவருஷம் ‘நாட்டாமை’ என்று, அங்கவஸ்திரமும் முறுக்கு மீசையும் சொம்பு ஜலமும் ஆலமரத்தடியும் அவிநாசித் தேரைப்போல வருஷந்தோறும் பவனி வந்தன. தீர்ப்பு வழங்கும் யோக்கியதை இல்லாத கொங்கரோ, பேச்சின் இழுவையாலேயே சபையைச் சிரிக்கவைக்கும் விதூஷகராகத் தரிசனம் தந்தார். அமெரிக்கத் தொலைக்காட்சியில் லத்தீன் அமெரிக்க வம்சத்தாருக்குத் தோட்டக்காரர், வேலைக்காரி, போதைமருந்து வியாபாரி ஆகிய பதவிகள் சாசுவதமாக ஒதுக்கப்பட்டிருப்பதையும், ‘மாடர்ன் ஃபேமிலி’யில் கொலம்பியா தேசத்துக் குளோரியாவின் உச்சரிப்பே பெரும் ஹாஸ்யமானதையும் காணும்போது, நமக்கு இரண்டு பதவிகளாவது கிடைத்தனவே என்று திருப்தியடையலாம். பம்புசெட்டு வார்த்தவரும், பனியன் தைத்துக் கப்பலேற்றியவரும், மின்சார க்ஷவரக் கத்தி செய்த ஜி. டி. நாயுடுவும் கதாநாயக லக்ஷணம் வாய்க்கப்பெறாதவர்கள் போலும். இத்தனைக்கும், சென்ட்ரல், பக்ஷிராஜா என்று ஸ்டூடியோக்கள் கோவையிலேயே இருந்தன. 1954-இன் ‘மலைக்கள்ளன்’ பக்ஷிராஜாவின் சிருஷ்டியே. ஆனால் அக்காலத்துக் காமிராக்களுக்கு ராஜாக்களையும் கள்வர்களையும் நோக்கவே அவகாசம் போதவில்லை. வாசலுக்கு வெளியே ஊதிய மில் சங்கு அவற்றின் செவிக்கு எட்டவில்லை. அந்தச் சங்கொலிக்கு ஷிப்டு முடித்து வந்த நம்மவர்களே, பிற்காலத்தில் நாட்டாமையின் தீர்ப்புக்கு டிக்கெட் வாங்கி விசிலடித்தார்கள்.