ரிஜிஸ்டர்ல பேரில்லாத பேத்தி

வாங்க மருமவனே, உக்காருங்க. கட்டிலு நடுவுல கயிறு தொஞ்சுபோச்சு, ஓரமா உக்காருங்க.

பாப்பாவப் பள்ளிக்கூடத்துலருந்து நிறுத்திட்டு வீட்டுலயே சொல்லிக்குடுக்கப் போறீகளாம். டீக்கடையில பேசிக்கிட்டாக. நல்ல விசயந்தான். எங்கப்பன் எனக்கும் இதத்தான் செஞ்சாரு. அஞ்சாப்போட நிறுத்தி ஆட்டுக்குப் பின்னால பத்திவிட்டாரு. அப்ப அதுக்குப் பேரு தற்குறி. இப்ப ஹோம்ஸ்கூலிங்கு.

"அரசியலே வேண்டாம் மாமா, ஒதுங்கி வளக்கப் போறோம்"னு சொல்லுதீக. ஒதுங்குங்க. ஆனா தாலுகா ஆபீஸ் வேப்பமரத்தடியில முப்பது வருசம் மனு எழுதுனவன் ஒண்ணு சொல்லுதேன், கேட்டுக்கிடுங்க.

2009-ல கல்வி உரிமைச் சட்டம் போட்டான். 6 வயசுலருந்து 14 வரைக்கும் புள்ளையப் பக்கத்துப் பள்ளிக்கூடத்துல சேக்கது தாய் தகப்பன் கடமைன்னு எழுதிட்டான். சேக்காட்டா என்ன அபராதம்னு எழுதல. நம்ம ஊருணியில "குளிக்கக் கூடாது"ன்னு போர்டு இருக்குல்ல, அதுல துணி காயப்போடுதாகல்ல, அந்தக் கணக்குதான். ஜெயிலுக்கெல்லாம் போகமாட்டீக. ஆனா பள்ளி செல்லாப் புள்ளைக கணக்கெடுக்க டீச்சரு வீடு வீடா வருவாக. பாப்பா செவ்வாய் கிரகத்துக்கு எத்தன நிலான்னு சொல்லும். டீச்சரு நோட்டுல செவ்வாய்க்குக் கட்டம் கிடையாது.

சர்க்கார் எதக் குடுத்தாலும் பள்ளிக்கூட வாசல்ல நின்னுதான் குடுக்கும், மருமவனே. காலையில உப்புமா, மத்தியானம் முட்ட, இது சின்னக் கணக்கு. பெருசு பின்னால வருது. அரசுப் பள்ளியில 6-லருந்து 12 வரைக்கும் படிச்ச பொம்பளப் புள்ள காலேஜ் போனா மாசம் 1,000 ரூவா. அதே 6-லருந்து 12 அரசுப் பள்ளியில படிச்சிருந்தாத்தான் டாக்டர் சீட்டுல 7.5 சதவீத ஒதுக்கீடு. உங்க மக பத்து வருசங்கழிச்சு டாக்டர் ஆகணும்னு சொன்னா, "உங்கப்பா அரசியல் வேண்டாம்னுட்டாரு"ன்னு சொல்ல வேண்டியதுதான்.

டெல்லிக்காரன் மட்டும் சும்மாவா? திறந்தவெளிப் பள்ளியில படிச்ச புள்ளைக நீட் எழுதக் கூடாதுன்னு 2018 அறிவிப்புல ஒரு வரி போட்டான். டெல்லி ஐகோர்ட்டுதான் அந்த வரிய அடிச்சுது. வீட்டுல படிக்கிற புள்ளைக்குப் பெரும்பாலும் அந்தத் திறந்தவெளிப் பள்ளிதான் கதி. ஒரு வரியில கதவு சாத்துதான், இன்னொரு வரியில திறக்கான். நீங்க பேப்பர் படிக்கிறத நிறுத்திட்டதா வேற சொன்னீக!

2025-ல நடந்ததாச்சும் தெரியுமா? பி.எம்.ஸ்ரீ பள்ளித் திட்டத்துக்குக் கையெழுத்துப் போடுன்னு டெல்லி, போடமாட்டேன்னு சென்னை. டெல்லி பள்ளிக்கூடத்துக்குக் குடுக்க வேண்டிய 2,152 கோடி நின்னுபோச்சு. தனியார் பள்ளியில ஏழைப் புள்ளைகளுக்குள்ள 25 சதவீத இடம் அக்டோபர் வரைக்கும் இழுத்துது. மாமியா மருமவ சண்டையில உல கொதிக்கல. அந்தப் புள்ளைக வீட்டுல இருந்துதுகளே, அதையும் ஹோம்ஸ்கூலிங்குன்னு எழுதிரலாமா?

வரிக் கணக்கும் அப்பிடித்தான். பள்ளிக்கூட ஃபீஸ் கட்டுனா பழைய வரி முறையில கழிவுல காட்டலாம். நீங்க வாங்குன மைக்ராஸ்கோப் பில்லக் காட்டுனா, ஆடிட்டர் உங்கள அதுக்கடியில வச்சுப் பாப்பாரு. பள்ளிக்கூட ஃபீஸுக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. நீங்க ஆன்லைன்ல கட்டுத கோச்சிங்குக்கு 18 சதவீதம். நோட்டுக்கும் பென்சிலுக்கும் 2025 செப்டம்பர்லருந்து வரி எடுத்துட்டான், அதுல வேணா ஒரு அஞ்சு பத்து மிஞ்சும்.

இருங்க, எந்திரிக்காதீக. மெயின் கணக்கு இன்னும் பாக்கலையே.

"ஃபீஸு மிச்சம் மாமா"ன்னீகளே, எம் மவ பேங்க் வேலைய விட்டாளே, அவ சம்பளத்த எந்தப் பக்கம் எழுதுனீக? வெலவாசி இருக்குத இருப்புல, உங்க கம்பெனிக்காரன் வேற ஆளக் குறைக்கான். நாளைக்கு உங்க பேரும் அந்த லிஸ்ட்டுல வந்தா, பாப்பாவுக்கு வாத்தியாரு நீங்க, வேலைக்குப் போறது அவ. அதுக்கு அவளக் கேட்டீகளா? என்ன கேக்க வேண்டாம். எங்கிட்ட எவன் கேட்டான், நான் கட்டிக்குடுத்தவன்தான்.

சரி சரி, மொகத்தத் தூக்காதீக. பாப்பா கெட்டிக்காரிதான், ஒத்துக்கிடுதேன். காலையில புளி வித்தேன். மூணேகால் கிலோ, கிலோ 140 ரூவா. திண்ணையில ஆட்டுக்குட்டியோட உக்காந்திருந்தது, "455 தாத்தா"ன்னு பட்டுனு சொல்லுது.

நான் 430 வாங்கி மடியில முடிஞ்சிட்டேன். வியாபாரி அந்நேரம் பஸ் ஏறிட்டான்.