லோகோவைக் கொஞ்சம் பெரிசாக்குங்க

வெப் டிசைனராகப் போகிறேன் என்கிறான் அக்கா மகன். நல்ல தொழில்தான். 1991-இல் டிம் பெர்னர்ஸ்-லீ வெளியிட்ட முதல் இணையதளத்தில் படம் இல்லை. 'லோகோவைப் பெரிசாக்குங்க' என்று சொல்ல வாடிக்கையாளரும் இல்லை. கொடுத்துவைத்த மனிதர்!

பிறகு பக்கங்களில் அனிமேஷன் ஓடவிடும் ஃபிளாஷ் மென்பொருளைக் கற்றவர்கள் கொடிகட்டிப் பறந்தார்கள். 2020 டிசம்பரோடு அடோபி நிறுவனம் அதற்குப் பால் ஊற்றிவிட்டது. இன்டர்நெட் எக்ஸ்புளோரர் உலாவியில் பக்கம் சரியாகத் தெரியக் கண்விழித்தவர்களின் உழைப்புக்கு 2022-இல் கருமாதி. இப்போது செயற்கை நுண்ணறிவு நொடியில் பக்கம் போட்டுத் தருகிறது.

ஆனால், கல்யாணப் பத்திரிகை மாதிரி சித்தப்பா, பெரியப்பா பெயரெல்லாம் முகப்பில் வர வேண்டும் என்கிற முதலாளியைச் சமாளிக்க இன்னும் மனிதன்தான் வேண்டும். பையனிடம் சொன்னேன்: "கோடிங்கை அப்புறம் படிச்சுக்கலாம்டா. முதல்ல பொறுமையைப் பழகு."