இன்னும் ஓர் ஒத்திகை வேண்டி

அனுப்புநர்:
பக்கத்து நாட்டு வாக்காளன்,
இந்தியா.

பெறுநர்:
தலைமைத் தேர்தல் ஆணையர் அவர்கள்,
பூட்டான் தேர்தல் ஆணையம்,
திம்பு.

ஐயா,

பொருள்: 2007-ஆம் ஆண்டு நடந்த ஒத்திகைத் தேர்தலைப் பாராட்டுதல் – மேலும் ஓர் ஒத்திகை கோருதல் – தொடர்பாக.

ராஜாக்களிடமிருந்து ஆட்சியைப் பிடுங்க மற்ற நாட்டு மக்கள் பட்ட பாட்டைப் படித்துப் பரீட்சை எழுதியவன் நான். பிரான்சில் தலையை வெட்டினார்கள், ரஷ்யாவில் குடும்பத்தோடு சுட்டார்கள். தங்கள் நாட்டுக் கதையைத்தான் எந்தப் பாடத்திலும் சேர்க்க முடியாது. 2005 டிசம்பரில் நான்காம் அரசர் ஜிக்மே சிங்கே வாங்சுக், 2008-இல் தேர்தல் நடக்கும், நான் இறங்கிக்கொள்கிறேன் என்று அறிவித்தார். மக்கள் வேண்டவே வேண்டாம் என்று கெஞ்சினார்கள். அரசர் அசைந்து கொடுக்கவில்லை. சொன்ன நாளுக்கு முன்பே, 2006 டிசம்பரில், மகனிடம் முடியை ஒப்படைத்துவிட்டு விலகினார். ஆக, மக்களின் பேச்சைக் கேட்காத ஓர் அரசரால் தங்கள் நாட்டுக்கு மக்களாட்சி கிடைத்தது.

வேண்டாம் என்றவர்களுக்கு ஓட்டுப் போடக் கற்றுத்தரும் பொறுப்பு தங்கள் தலையில் விழுந்தது. 2007 ஏப்ரலில் ஒத்திகை. பதிவுபெற்ற கட்சிகளே இல்லாத நாட்டில் தாங்களே நான்கு கட்சிகளைத் தயாரித்தீர்கள்: ட்ருக் மஞ்சள், ட்ருக் நீலம், ட்ருக் சிவப்பு, ட்ருக் பச்சை. மரபைக் காப்போம் என்றது மஞ்சள். லஞ்சத்தை ஒழிப்போம் என்றது நீலம். தொழில் வளர்ப்போம் என்றது சிவப்பு. காடு காப்போம் என்றது பச்சை. தலைவர் இல்லை, தலைவரின் மகன் இல்லை, பிரிந்துபோன கோஷ்டி இல்லை, கூட்டணிப் பேரம் இல்லை. இப்படிப்பட்ட கட்சிகள் கிடைத்தால் ஒன்றிரண்டை இறக்குமதி செய்துகொள்ள நாங்கள் தயார்.

மே மாதம் இரண்டாம் சுற்றில் மஞ்சளும் சிவப்பும் மோதின. வேட்பாளர்களாக மேல்நிலைப்பள்ளி மாணவர்களை நிறுத்தினீர்கள். 47 தொகுதிகளில் 46 மஞ்சளுக்குப் போயின. காரணம் கண்டுபிடிக்க ஆய்வுக் குழு தேவையில்லை. தங்கள் தேசியக் கொடியின் மஞ்சள் பாதி அரசரைக் குறிப்பது. அரசர் தோளில் போடும் துண்டும் மஞ்சள். நான்கு கொள்கை அறிக்கைகளை மக்கள் முன் வைத்தீர்கள். அவர்கள் துண்டின் நிறத்தைப் பார்த்தார்கள். கரை வேட்டியைப் பார்த்தே ஆளை எடைபோடும் ஊர்க்காரன் நான். எனக்கு இதில் வியப்பில்லை. நான்கு நிறம் தேடியபோது அந்த ஒரு நிறத்தைத் தவிர்க்க யாருக்கும் தோன்றவில்லை என்பதில்தான் வியப்பு.

நிஜத் தேர்தல் 2008 மார்ச் 24 அன்று நடந்தது. ஏறத்தாழ 80 விழுக்காட்டினர் வந்து, இந்தியாவில் செய்த எந்திரங்களில் பொத்தானை அமுக்கினார்கள். களத்தில் இரண்டே கட்சிகள். இரண்டும் அரசரின் வழியே எங்கள் வழி என்றன. இரண்டும் மொத்த தேசிய மகிழ்ச்சியைத் தருவதாக வாக்களித்தன. அரசரின் விசுவாசி யார் என்பதற்கல்ல, அதிக விசுவாசி யார் என்பதற்கே போட்டி. ஒரு கட்சிக்கு 45, மற்றதற்கு 2. தோற்ற கட்சியின் தலைவர் சங்கே ங்கெதுப், புதிய அரசரின் தாய்மாமன். அவர் சொந்தத் தொகுதியிலேயே தோற்றார். தாய்மாமன் மடியில் உட்கார்த்திக் காது குத்தும் ஊரிலிருந்து எழுதுகிறேன் ஐயா, படித்ததும் எனக்கே சற்று வலித்தது.

தங்கள் பாடத்திட்டத்தில் இல்லாத பாடத்தையும் மக்கள் தாமாகவே கற்றார்கள். 2013-இல் 45 இடம் பெற்ற கட்சியை எதிர்க்கட்சி வரிசைக்கு அனுப்பினார்கள். 2018-இல் ஆளுங்கட்சியை முதல் சுற்றோடு வீட்டுக்கு அனுப்பினார்கள். 2023-இல் மீண்டும் அதே கதை. மஞ்சளைக் கண்டால் கும்பிட்டவர்கள் இவர்கள்தான். ஆளுகிறவர்களை இறக்குவதற்கு எந்த ஆணையமும் அவர்களுக்கு ஒத்திகை நடத்தவில்லை.

எங்கள் தரப்பிலும் பாடத்துக்குச் சற்று உதவினோம். 2013 தேர்தலுக்குச் சில நாட்களே இருந்தபோது, தங்கள் நாட்டுக்கான சமையல் எரிவாயு, மண்ணெண்ணெய் மானியத்தை இந்தியா நிறுத்தியது. அப்போதைய அரசு சீனாவோடு நெருங்கியதால்தான் என்று பலர் பேசிக்கொண்டார்கள். ஒப்பந்தம் முடிந்துவிட்டது, அவ்வளவுதான் என்றது எங்கள் தரப்பு. தேர்தல் முடிந்து ஆட்சி மாறியதும் மானியம் திரும்பி வந்தது. தேர்தல் நேரத்தில் சிலிண்டர் விலை இறங்குவதையே பார்த்துப் பழகிய எனக்கு, ஏறுவதும் ஒரு பிரசார முறை என்று அப்போதுதான் தெரிந்தது.

இனி விண்ணப்பம்.

தாங்கள் ஒத்திகை நடத்துவதற்கு வெகு முன்பே இன்னொரு வேலை முடிந்திருந்தது. தெற்கில் வாழ்ந்த நேபாளி பேசும் லோட்சாம்பா மக்களிடம், 1985-இன் குடியுரிமைச் சட்டத்தைக் காட்டி, 1958-இல் இங்கு இருந்ததற்கு அத்தாட்சி எங்கே என்று 1988 கணக்கெடுப்பில் கேட்டார்கள். பழைய நிலவரி ரசீதைத் தேடி எடுக்க முடியாதவர்கள் அந்நியர் ஆனார்கள். 1990-களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் கிழக்கு நேபாளத்து முகாம்களில் இருந்தார்கள். நாட்டு மக்கள்தொகையில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு. தங்கள் மக்கள் முதன்முதலாக அரசைத் தேர்ந்தெடுத்த அதே 2008-இல், அவர்கள் அமெரிக்காவுக்கு விமானம் ஏறத் தொடங்கினார்கள். சில ஆயிரம் பேர் இன்னும் முகாம்களிலேயே இருக்கிறார்கள்.

உலகம் மெச்சிய தங்கள் தேர்தல்கள் இத்தனை ஒழுங்காக நடந்ததற்குத் தாங்கள் மட்டும் காரணம் என்று நினைத்துவிட வேண்டாம். வாக்காளர் யார் என்பதை முந்தைய ஆட்சி முன்கூட்டியே முடித்துக் கொடுத்திருந்தது. மக்கள் அரசைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்பு அரசு மக்களைத் தேர்ந்தெடுத்துவிட்டது. இரண்டாவதற்கு மட்டும் ஒத்திகை, விளம்பரம், வெளிநாட்டுப் பார்வையாளர் எதுவும் இல்லை.

ஆகவே, இன்னும் ஓர் ஒத்திகை நடத்துமாறு பணிந்து கேட்கிறேன். இம்முறை பயிற்சி மக்களுக்கு அல்ல, அலுவலகங்களுக்கு. விடுபட்ட பெயர்களையும் சேர்த்து ஒரு பட்டியல் தயாரித்துப் பாருங்கள். நான்கு நிறக் கட்சிகளும் அப்படியே இருக்கட்டும், மஞ்சளே ஜெயித்தாலும் எனக்கு ஆட்சேபமில்லை. ஒத்திகைதானே, முடிவு பிடிக்காவிட்டால் பட்டியலைக் கிழித்துப் போடலாம், அதில் அரசாங்கத்துக்கு நல்ல பழக்கம் உண்டு.

கூடுதல் எந்திரம் தேவைப்பட்டால் எங்கள் ஆணையத்துக்கு எழுதுங்கள், கொடுப்பார்கள். எரிவாயுவுக்கு மட்டும் நான் பொறுப்பல்ல.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ரசீதுகளைப் பத்திரமாக வைத்திருக்கும் ஒரு வாக்காளன்