மூட்டையா, முகாமா?

கேள்வி: அயல்நாட்டு உள்நாட்டுப் போரில் வல்லரசு தலையிடலாமா?
— வாசகர், மண்டைதீவு

பதில்: மூட்டை போடலாம், முகாம் போட்டால்தான் வில்லங்கம். 1987 யூன் 3இல் இராமேஸ்வரத்திலிருந்து வந்த இந்திய நிவாரணப் படகுகளை இலங்கைக் கடற்படை திருப்பி அனுப்பியது. மறுநாளே யாழ்ப்பாண வானத்திலிருந்து அரிசியும் பருப்பும் விழுந்தன. காவலுக்கு மிராஜ் போர் விமானங்கள்! பருப்புக்கு இவ்வளவு மரியாதை அதற்கு முன்னும் பின்னும் கிடைத்ததில்லை. அந்த நடவடிக்கைக்குப் பெயர் ‘பூமாலை’. மாலை போட்ட கையே, அமைதிப் படையாக வந்து முகாமிட்டு, ஒக்டோபரில் புலிகள் மீது ‘பவன்’ என்று போர் தொடுத்தது. யாழ் ஆஸ்பத்திரிக்குள் நோயாளிகளும் டொக்டர்களும்கூடச் சுடப்பட்டார்கள். ஆயிரத்துக்கு மேற்பட்ட இந்தியச் சிப்பாய்களும் மாண்டபின், மிஞ்சியவர்கள் 1990 மார்ச்சில் கப்பலேறினார்கள். சரி, போய்த் தொலைந்தால் நிம்மதியா? அந்த ஓகஸ்டிலேயே, யாழ்ப்பாணக் கோட்டையில் சிக்கிய படையை மீட்க உங்கள் தீவில் இறங்கிய இலங்கை இராணுவம் பிடித்துப்போன இளைஞர்கள் திரும்பவேயில்லை. டில்லிக்கு அதற்குள் நாம் அயல்நாட்டார் ஆகிவிட்டோம்.